யூரின் இன்ஃபெக்‌ஷன்: பழி சுத்தத்தின் மேல், காரணம் வேறிடத்தில்

ஒரு பெண்ணுக்கு யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று தெரிந்ததும் சுற்றியிருப்பவர்கள் சொல்லும் முதல் அறிவுரை, "சுத்தமா இருக்கணும்" என்பது. அடுத்த கேள்வி, "வெளியில எங்கயாவது பாத்ரூம் போனியா?" இரண்டுமே பெரும்பாலும் குறி தவறிய பேச்சு. இந்தத் தொற்றைக் கொண்டுவரும் கிருமி பெரும்பாலும் வெளியிலிருந்து ஒட்டிக்கொண்டு வருவதில்லை. அந்தப் பெண்ணின் சொந்தக் குடலில் எந்தத் தொந்தரவும் தராமல் குடியிருப்பதுதான் அது. அங்கிருந்து சில அங்குலம் நகர்ந்து சிறுநீர்ப்பைக்குள் எப்படிப் போய்ச் சேர்கிறது, போன பிறகு சிலருக்கு மட்டும் ஏன் அங்கேயே தங்கிவிடுகிறது என்றுதான் கேட்க வேண்டும். ஆபத்துக் காரணிகள் என்று மருத்துவத்தில் பட்டியல் போடுகிற எல்லாமே இந்த இரண்டில் ஒன்றைச் செய்பவை. ஒன்று, கிருமி உள்ளே போவதை எளிதாக்கும். இல்லாவிட்டால், உள்ளே போனது வெளியேறாமல் பார்த்துக்கொள்ளும். இதை மனதில் வைத்துக்கொண்டால் எது முக்கியம், எது வெறும் பழிபோடல் என்று பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் தூரக் கணக்கு. சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் குழாய் ஆண்களுக்கு ஏறக்குறைய 20 செ.மீ. நீளம். பெண்களுக்கு 3 முதல் 4 செ.மீ. வரைதான். அதன் வாய் யோனி வாசலுக்குச் சற்று முன்னால் இருக்கிறது. ஆசனவாயும் அங்கிருந்து சில சென்டிமீட்டர் தொலைவில்தான். பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது நீர்க்கடுப்பு வருவதற்கு இந்த அமைப்பே பெரிய காரணம். ஒரு தடவை வந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு ஆறு மாதத்துக்குள் மறுபடி வருகிறது. ஆறு மாதத்தில் 2 தடவை, அல்லது ஒரு வருடத்தில் 3 தடவை வந்தால் அதை 'திரும்பத் திரும்ப வரும் தொற்று' என்று கணக்கில் எடுத்து, தனியாகக் காரணம் தேடத் தொடங்குவார்கள்.

கிருமியைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். சாதாரணமாக வரும் சிறுநீர்ப்பைத் தொற்றுகளில் முக்கால் பங்கு அல்லது அதற்கும் மேல் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா. மீதியில் கிளெப்சியெல்லா, புரோட்டியஸ், என்டெரோகாக்கஸ் இருக்கும்; இளம்பெண்களுக்கு ஸ்டெபிலோகாக்கஸ் சாப்ரோஃபைட்டிகஸ் என்ற ஒன்றும் வரும். ஈ.கோலையின் உடம்பில் மெல்லிய இழைகள் உண்டு. அவற்றின் நுனியில் இருக்கும் ஃபிம்எச் என்ற புரதம், சிறுநீர்ப்பைச் சுவரின் செல்களில் உள்ள மேனோஸ் என்ற சர்க்கரையைக் கவ்விக்கொள்ளும். இதில் ஒரு விஷமம் இருக்கிறது. நீரோட்டம் இழுக்க இழுக்க அந்தப் பிடி தளர்வதில்லை, இன்னும் இறுகுகிறது. ஒட்டியவற்றில் சில, செல்லுக்குள்ளேயே புகுந்து கும்பலாகப் பெருகும். எலிகளில் இதைத் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள். தொற்று வந்த பெண்களின் சிறுநீரில் உதிர்ந்து வரும் செல்களிலும் இப்படிப்பட்ட கும்பல்களைக் கண்டிருக்கிறார்கள். மருந்து முடிந்து சில வாரங்களில் அதே கிருமி மறுபடி தலைகாட்டுவதற்கு இது ஒரு வழி.

உடலுறவு: பேசத் தயங்குகிற முதல் காரணம்

இளம்பெண்களைப் பொறுத்தவரை எல்லாக் காரணங்களிலும் கனமானது இதுதான். ஆராய்ச்சிகளில் திரும்பத் திரும்ப முதலிடத்தில் வருவது, அண்மை வாரங்களில் எத்தனை முறை உடலுறவு நடந்தது என்ற கணக்கு. அடுத்து, கடந்த ஒரு வருடத்துக்குள் புதிய துணை. உராய்வும் அழுத்தமும், யோனி வாசலைச் சுற்றியிருக்கும் கிருமியை அந்த 4 செ.மீ. குழாய்க்குள் மேலே தள்ளிவிடுகின்றன. திருமணமான புதிதில் பல பெண்களுக்கு நீர்க்கடுப்பு வருவது இதனால்தான். அதைக் கணவனிடமிருந்து தொற்றிய நோய் என்றோ, அவளிடம் ஏற்கெனவே ஏதோ கோளாறு இருந்தது என்றோ எடுத்துக்கொள்வது தவறு. இது பால்வினை நோய் இல்லை. துணைக்குச் சிகிச்சை தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். எரிச்சல் இருக்கிறது, கல்ச்சரில் (சிறுநீரிலுள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) கிருமி வரவில்லை, கூடவே வெள்ளைப்படுதலோ அடிவயிற்று வலியோ இருக்கிறது என்றால், கிளமிடியா, கொனோரியா போன்ற பால்வினை நோய்களைச் சோதித்துப் பார்க்க வேண்டும். அவையும் நீர்க்கடுப்பு மாதிரியே காட்டும். எரிச்சலும் அடிக்கடி போவதும் இருந்து, வெள்ளைப்படுதலும் யோனி அரிப்பும் இல்லையென்றால், சிறுநீர்த் தொற்றாக இருக்கும் வாய்ப்பு 90 சதவீதத்துக்கு மேல். அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் மருந்து எழுதும்போதுதான் பல கேஸ்கள் தடம் மாறுகின்றன.

கருத்தடை முறையும் இங்கே முக்கியம், ஆனால் எல்லா முறையும் இல்லை. குறிப்பாக விந்தணுக்கொல்லி. நோனாக்ஸினால்-9 என்ற வேதிப்பொருள் உள்ள ஜெல், கிரீம், அது தடவிய ஆணுறை, அதோடு சேர்த்து யோனிக்குள் வைக்கும் டயஃப்ரம் என்ற கிண்ண வடிவத் தடுப்பு, எல்லாமே தொற்று வாய்ப்பைத் தெளிவாகக் கூட்டுகின்றன. அது விந்தணுவை மட்டும் பார்த்து அடிப்பதில்லை. யோனியில் காவலாக இருக்கும் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் கொல்கிறது. ஈ.கோலை மட்டும் அதைத் தாங்கிக்கொண்டு நிற்கும். டயஃப்ரமின் விளிம்பு சிறுநீர்க் குழாயை அழுத்தி, முழுசாகச் சிறுநீர் போகவிடாமலும் செய்யலாம். விந்தணுக்கொல்லி தடவாத சாதாரண ஆணுறைக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அதனால் அடிக்கடி தொற்று வரும் பெண், ஆணுறைப் பெட்டியைத் திருப்பி அதில் என்ன தடவியிருக்கிறது என்று படித்துவிடுவது நல்லது. ஜெல்லை நிறுத்திவிட்டு வேறு கருத்தடை முறைக்கு மாறினாலே சிலருக்குத் தொந்தரவு ஓய்ந்துவிடுகிறது.

உடலுறவு முடிந்ததும் சிறுநீர் கழிக்க வேண்டும் என்ற அறிவுரை எங்கும் இருக்கிறது. செலவில்லாத, தீங்கில்லாத பழக்கம், செய்யலாம். ஆனால் கட்டுப்பாட்டுக் குழுக்களோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் அதற்குத் தெளிவான பலன் தெரியவில்லை. ஆகவே மறந்துபோனதால்தான் வந்தது என்று யாரும் தன்னைத் திட்டிக்கொள்ள வேண்டாம். அதைவிடப் பயனுள்ள வேலை ஒன்று உண்டு: தேதி குறித்து வைப்பது. ஒவ்வொரு தடவையும் உடலுறவுக்கு அடுத்த ஒன்றிரண்டு நாளில்தான் எரிச்சல் தொடங்குகிறது என்று குறிப்பில் தெரிந்தால், உறவுக்குப் பிறகு ஒரே ஒரு வேளை தடுப்பு மருந்து என்ற வழியை மருத்துவர் யோசிக்க முடியும். தினமும் மாத்திரை போடுவதைவிட மொத்த மருந்து மிகக் குறைவு, பலனோ ஏறத்தாழ அதே அளவு. குறிப்பு இல்லாமல் போனால் இந்தப் பேச்சே எழாது. இதைப் பெண் மருத்துவரிடம் சொல்வதற்கே கூச்சப்படுபவர்கள் இருக்கிறார்கள்; ஒரு தாளில் தேதிகளை எழுதி நீட்டினால் போதும், அவருக்குப் புரிந்துவிடும்.

காவல் பாக்டீரியா போனால்

யோனிக்குள் லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியா வகை வாழ்கிறது. அது லாக்டிக் அமிலத்தைச் சுரந்து, அந்த இடத்தின் பி.எச். அளவை (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 3.8 முதல் 4.5 வரை புளிப்பாக வைத்திருக்கும். அந்தப் புளிப்பில் ஈ.கோலை காலூன்றுவது கஷ்டம். காவல் இருக்கும்வரை குடல் கிருமி யோனி வாசலில் கூட்டம் போட முடியாது. கூட்டம் போடாவிட்டால் குழாய்க்குள் ஏறுவதும் அரிது.

இந்தக் காவலைக் கெடுக்கும் விஷயங்களில் முதலில் வருவது, விசித்திரமாக, சுத்தம்தான். அளவுக்கு மீறிய சுத்தம். சோப்பு, டெட்டால் கலந்த தண்ணீர், வாசனை போட்ட வாஷ், உள்ளே நீர் பீய்ச்சிக் கழுவுவது. இவற்றால் அந்தப் புளிப்பு மாறுகிறது, வாசல் தோல் எரிகிறது, அந்த எரிச்சலே நீர்க்கடுப்பு என்று தோன்றி இன்னும் கழுவ வைக்கிறது. வெளிப்புறத்தை வெறும் தண்ணீரில் கழுவினால் போதும். உட்புறத்துக்கு எதுவுமே தேவையில்லை. தொற்று வந்த பெண்ணிடம் "இன்னும் சுத்தமா இரு" என்று சொல்வது அவளை நேராக இந்தப் பள்ளத்தில் தள்ளுவதுதான்.

இரண்டாவது, வேறு எதற்காகவோ சாப்பிட்ட ஆன்டிபயாடிக். தொண்டை வலிக்கு, சளிக்கு, பல்லுக்கு என்று எடுத்த மருந்து காவல் பாக்டீரியாவையும் அழித்துவிடும். அடுத்த சில வாரங்களில் சிறுநீர்த் தொற்று வரும் வாய்ப்பு கூடுகிறது. வைரஸ் சளிக்குத் தேவையில்லாமல் விழுங்கிய மாத்திரைக்கு இப்படியும் ஒரு விலை இருக்கிறது.

மூன்றாவது, மாதவிடாய் நின்றுபோவது. இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதற்குத் தீர்வு இருந்தும் பலருக்குக் கிடைப்பதில்லை. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்தால் யோனியின் உட்தோலில் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து குறைகிறது. லாக்டோபேசில்லஸின் சாப்பாடே அதுதான். உணவு போனால் காவல் போகிறது, பி.எச். 5-க்கு மேல் ஏறுகிறது, குடல் கிருமிகள் வாசலில் வந்து குடியேறுகின்றன. தோலும் மெலிந்து, வறண்டு, உறவின்போது வலிக்கும். 50 வயதுக்கு மேல் முதல் முறையாக அடிக்கடி தொற்று வரத் தொடங்கும் பெண்ணிடம் இந்த வறட்சி இருக்கிறதா என்று கேட்க வேண்டும், பெரும்பாலும் இருக்கும்.

இதற்கு யோனியில் வைக்கும் ஈஸ்ட்ரோஜன் கிரீம், மாத்திரை, வளையம் ஆகியவை உண்டு. 1993-ல் வெளியான ஒரு ஆய்வில், கிரீம் வைத்த பெண்களுக்கு வருடத்துக்குச் சராசரியாக 0.5 தொற்று, போலி கிரீம் வைத்தவர்களுக்கு 5.9. இவ்வளவு பெரிய வித்தியாசத்தை இந்தத் துறையில் வேறெங்கும் அதிகம் பார்க்க முடியாது. வாய்வழி ஹார்மோன் மாத்திரைக்கு இந்தப் பலன் இல்லை, அந்த இடத்திலேயே வைப்பதுதான் வேலை செய்கிறது. வழக்கமான முறை, முதல் 2 வாரம் தினமும் இரவு, பிறகு வாரத்துக்கு 2 இரவு. தவறு நடக்கும் இடம் எது என்றால், ஒரு மாதம் வைத்துவிட்டு "ஒண்ணும் ஆகலை" என்று விட்டுவிடுவது. தோலும் பாக்டீரியாவும் திரும்பி வர 2, 3 மாதம் ஆகும். பலன் நிற்க வேண்டுமானால் தொடர்ந்து வைக்க வேண்டும். ரத்தத்தில் ஏறும் அளவு மிகக் குறைவு. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் தங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

தண்ணீர், அடக்குதல், மிச்சம்

இப்போது இரண்டாவது பக்கம்: உள்ளே போன கிருமி வெளியேறுவது. சிறுநீர்ப்பைக்கு இருக்கும் முதல் பாதுகாப்பு, அடிக்கடி நிரம்பி முழுசாகக் காலியாவது. ஒட்டிக்கொண்ட கிருமியை நீரோட்டம் பிய்க்காது என்று மேலே சொன்னேன். ஆனால் ஒட்டுவதற்கு முன்னால் மிதந்துகொண்டிருக்கும் கிருமி ஒவ்வொரு முறையும் கழுவித் தள்ளப்படுகிறது, பெருகுவதற்கு நேரமும் கிடைப்பதில்லை.

நிறையத் தண்ணீர் குடி என்பது எல்லோரும் சொல்வது. எவ்வளவு, யாருக்கு என்று சரியாகச் சொல்வதற்கு 2018-ல் வந்த ஒரு ஆய்வு உதவுகிறது. அடிக்கடி தொற்று வருகிற, தினமும் 1.5 லிட்டருக்குக் குறைவாக நீர் அருந்துகிற 140 பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிப் பேர் வழக்கத்தைவிட 1.5 லிட்டர் தண்ணீர் கூடுதலாகக் குடித்தார்கள். ஒரு வருடத்தில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 தொற்று, மற்றவர்களுக்கு 3.2. ஏறக்குறைய பாதி. கவனிக்க வேண்டியது, அவர்கள் எல்லோரும் முன்பு குறைவாகக் குடித்தவர்கள். ஏற்கெனவே இரண்டரை லிட்டர் குடிப்பவர் மேலும் ஊற்றிக்கொள்வதால் இதே பலன் வரும் என்று யாரும் காட்டவில்லை.

நடைமுறையில், அரை லிட்டர் பாட்டிலை மூன்று தடவை, காலை ஒன்று, மதியம் ஒன்று, மாலை ஒன்று என்று முடித்தால் அந்தக் கூடுதல் 1.5 லிட்டர் வந்துவிடும். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் கடைசி பாட்டிலை முடித்துவிட்டால் தூக்கம் கெடாது. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. அடர் மஞ்சள் என்றால் போதவில்லை. வெயிலில் வேலை செய்பவருக்கு வியர்வையில் போவதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். இதயச் செயலிழப்பு, சிறுநீரகக் கோளாறு இருந்து தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

ஆனால் பல பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருப்பது மறதியால் இல்லை. வேலையிடத்தில் கழிப்பறை இல்லை, இருந்தாலும் பூட்டு இல்லை, போக இடைவேளை இல்லை. அதனால் காலையிலேயே குடிப்பதைக் குறைத்துவிடுகிறார்கள். வகுப்பை விட்டு நகர முடியாத ஆசிரியை, கவுன்ட்டரில் தனியாள், நீண்ட ஷிஃப்ட் நர்ஸ், இவர்களிடம் "தண்ணி குடிங்க" என்று மட்டும் சொல்வது பாதி அறிவுரை. 3, 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை போக வழியிருக்கிறதா என்பதுதான் மீதிப் பாதி, அது அந்தப் பெண் ஒருத்தியின் கையில் இல்லை.

பொதுக் கழிப்பறைப் பயத்துக்கும் இங்கே இடம் உண்டு. இருக்கையிலிருந்து கிருமி ஏறி யூரின் இன்ஃபெக்‌ஷன் வருவதில்லை. இருக்கை தொடையைத்தான் தொடுகிறது. பயந்து அரைகுறையாக அந்தரத்தில் நின்றபடி போகிறார்களே, அதுதான் வம்பு. அந்த நிலையில் இடுப்படித் தசைகள் தளராது, ஓட்டம் மெலிந்து, கொஞ்சம் உள்ளேயே மிஞ்சும். துடைத்துவிட்டோ மேலே தாள் போட்டோ முழுசாக உட்காரலாம். குத்துக்காலிட்டு முழுசாக உட்காரும் கழிப்பறையில் இந்தச் சிக்கல் இல்லை.

மிச்சச் சிறுநீர் என்பது தனியாகக் கவனிக்க வேண்டிய விஷயம். கழித்து முடித்த உடனே ஸ்கேனில் பார்த்தால் 50 மில்லிக்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் 100, 150 மில்லிக்கு மேல் நின்றால் காரணம் தேட வேண்டும். இதில் பெரிய தவறு, ஸ்கேன் அறைக்கு வெளியே வரிசையில் காத்திருந்து அரைமணி கழித்து எடுப்பது; அதற்குள் புதிதாக ஊறிய சிறுநீரும் மிச்சமாகக் கணக்கில் ஏறிவிடும். போய்விட்டு வந்ததும் சில நிமிடங்களுக்குள் எடுக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளலாம். பல பிரசவங்களுக்குப் பிறகு கர்ப்பப்பையோ சிறுநீர்ப்பையோ கீழே இறங்கியிருப்பது, நீண்டகாலச் சர்க்கரை நோயால் நரம்பு மரத்துப்போவது, முதுகுத்தண்டுப் பிரச்சினை, கடுமையான மலச்சிக்கல் எல்லாம் மிச்சம் வைக்கும். சில மருந்துகளும் வைக்கும்: தூக்கம் வரவைக்கும் பழைய அலர்ஜி மாத்திரைகள், மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், அடக்க முடியாத சிறுநீருக்குக் கொடுக்கும் ஆக்ஸிபியூட்டினின். கடைசியாகச் சொன்னதில் ஒரு வேடிக்கை: அடிக்கடி போகிறது என்று கொடுத்த மருந்தே மிச்சம் வைத்து, தொற்று வந்து, மறுபடி அடிக்கடி போக வைக்கும்.

மிச்சம் நிற்பவர்களுக்கு இரட்டைக் கழிப்பு என்ற எளிய முறை உண்டு. பாதம் இரண்டும் தரையில் பதிய உட்கார்ந்து, முன்னால் சாய்ந்து முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொள்ள வேண்டும். முக்காமல், தானாக வரவிட வேண்டும். நின்றதும் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை அப்படியே இருக்க வேண்டும். பிறகு எழுந்து நின்று, மறுபடி உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் முன்னால் சாய்ந்து முயல வேண்டும். இரண்டாவது தடவையில் கணிசமாக வந்தால் முதல் தடவை காலியாகவில்லை என்று பொருள்.

சர்க்கரை, கர்ப்பம், பரம்பரை

ரத்தச் சர்க்கரை ஏறக்குறைய 180-ஐத் தாண்டினால் சிறுநீரில் சர்க்கரை இறங்கத் தொடங்கும். கட்டுப்பாடில்லாத சர்க்கரை நோயில் எதிர்ப்புச் சக்தியும் குறைந்து, நரம்பும் கெட்டு, மிச்சமும் நின்று, மூன்று வழியிலும் தொற்றுக்குக் கதவு திறக்கும். சிறுநீரகம் வரை ஏறும் ஆபத்தும் அதிகம். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் வேண்டுமென்றே சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றுபவை. அவற்றால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று கூடுவது உறுதி. சிறுநீர்த் தொற்று பெரிதாகக் கூடுவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. அதனால் இந்த மாத்திரை எடுப்பவருக்கு அரிப்பும் தயிர் போன்ற வெள்ளைப்படுதலும் இருந்தால் அது பூஞ்சை. ஆன்டிபயாடிக் கொடுத்தால் இன்னும் மோசமாகும்.

கர்ப்பத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன், சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாய்களைத் தளர்த்துகிறது, வளரும் கர்ப்பப்பை அழுத்துகிறது, சிறுநீர் தேங்குகிறது. எந்தத் தொந்தரவும் இல்லாமலேயே சிறுநீரில் கிருமி இருப்பது கர்ப்பிணிகளில் 100-க்கு 2 முதல் 7 பேருக்கு நடக்கும். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு அதைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை, கர்ப்பிணிக்குக் கட்டாயம் சிகிச்சை வேண்டும். விட்டால் அவர்களில் கணிசமானவர்களுக்குச் சிறுநீரகத் தொற்றாக மாறும். அதனால்தான் தொடக்க மாதங்களில், 12-லிருந்து 16 வாரத்துக்குள், தொந்தரவே இல்லாவிட்டாலும் கல்ச்சர் எடுக்கிறார்கள்.

அம்மாவுக்கு அடிக்கடி வந்திருந்தாலோ, தனக்கே 15 வயதுக்கு முன்னால் ஒரு தடவை வந்திருந்தாலோ வாய்ப்பு அதிகம். சிலரின் செல்களில் கிருமி ஒட்டுவதற்கு வசதியான அமைப்பு பிறவியிலேயே இருக்கிறது. மாற்ற முடியாது, ஆனால் ஒரே வீட்டில் ஒரே பழக்கங்களோடு இருக்கும் இரண்டு பெண்களில் ஒருத்திக்கு மட்டும் ஏன் வருகிறது என்பதற்கு இது பதில்.

கதீட்டர் (சிறுநீர் வெளியேறப் பைக்குள் வைக்கும் குழாய்) போட்டவர்களுக்கு ஒவ்வொரு நாளும் 3 முதல் 7 சதவீதம் தொற்று வாய்ப்பு ஏறுகிறது. தேவை முடிந்த அன்றே எடுத்துவிடச் சொல்லி வீட்டார் கேட்கலாம், கேட்க வேண்டும். கல்ச்சரில் புரோட்டியஸ் திரும்பத் திரும்ப வந்தால் கல் இருக்கிறதா என்று ஸ்கேன் பார்ப்பது நல்லது. அந்தக் கிருமி சிறுநீரைக் காரமாக்கித் தானே கல் கட்டி அதற்குள் உட்கார்ந்துகொள்ளும், மருந்து அதற்குள் எட்டாது.

இனி, பட்டியலில் முதலில் சொல்லப்பட்டு ஆய்வில் கடைசிக்குப் போனவை. முன்னாலிருந்து பின்னால் துடைப்பது, பருத்தி உள்ளாடை, இறுக்கமான கால்சட்டை, குளியல் தொட்டி, உடல் எடை. திரும்பத் திரும்பத் தொற்று வந்த இளம்பெண்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டதில் இவற்றில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. முன்னிருந்து பின்னால் துடைப்பதும் கழுவுவதும் நல்ல பழக்கம்தான், சின்னப் பெண் குழந்தைகளுக்குச் சொல்லித்தரலாம். ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு 30 வயதுப் பெண்ணுக்குப் பாடம் எடுப்பது, விந்தணுக்கொல்லியையும் தண்ணீரையும் பற்றிக் கேட்காமல் விடுவதற்குச் சமம்.

சோதனையில் நடக்கும் கோளாறு

தப்பான சோதனை, தேவையில்லாத ஆன்டிபயாடிக்குக் கொண்டுபோகும். தேவையில்லாத ஆன்டிபயாடிக், காவல் பாக்டீரியாவைக் கொன்று அடுத்த தொற்றுக்கு வழி போடும். ஆகவே மோசமாகப் பிடித்த மாதிரியையும் நான் ஆபத்துக் காரணி என்றே சொல்வேன்.

கல்ச்சருக்கு மாதிரி பிடிக்கும் முறை: மருந்தின் முதல் மாத்திரைக்கு முன்னால் பிடிக்க வேண்டும். கையைக் கழுவி, இதழ்களை ஒரு கையால் விரித்துப் பிடித்துக்கொண்டு, முதல் பகுதியைக் கழிப்பறையில் விட்டு, இடையில் வருவதை மட்டும் டப்பாவில் பிடித்து, கடைசியையும் விட்டுவிட வேண்டும். டப்பாவின் உட்புறத்தையும் மூடியின் உட்புறத்தையும் விரல் தொடக் கூடாது. 2 மணி நேரத்துக்குள் லேபுக்குப் போக வேண்டும்; முடியாதென்றால் ஃபிரிட்ஜில், 24 மணி நேரத்துக்குள். வெளியில் கிடந்தால் சொற்பக் கிருமி பெருகி லட்சக்கணக்கில் காட்டும். 'மூன்று வகைக் கிருமி கலந்து வளர்ந்துள்ளது' என்று ரிப்போர்ட் வந்தால் அது பெரும்பாலும் தோலிலிருந்து கலந்தது. மருந்து தொடங்குவதற்குப் பதில் மறுபடி பிடித்துக் கொடுக்க வேண்டும். மறுபக்கம், மில்லிக்கு 1 லட்சம் கிருமி இல்லை என்பதற்காகத் தொற்று இல்லை என்றும் சொல்ல முடியாது. தெளிவான எரிச்சல் இருக்கும் பெண்ணுக்கு ஒரே வகை ஈ.கோலை ஆயிரக்கணக்கில் இருந்தாலே அது பொருட்படுத்த வேண்டியதுதான்.

சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் குச்சிச் சோதனையில், சில கிருமிகள் உண்டாக்கும் நைட்ரைட் என்ற பொருளைக் காட்டும் நிறம் மாற, சிறுநீர் 4 மணி நேரமாவது பையில் இருந்திருக்க வேண்டும். அரைமணிக்கு ஒரு தடவை ஓடுகிற பெண்ணுக்கு அது பொய்யாக 'இல்லை' என்று காட்டலாம். என்டெரோகாக்கஸும் சாப்ரோஃபைட்டிகஸும் நைட்ரைட்டே உண்டாக்காது.

வயதான பெண்களுக்கு நேர்மாறான தவறு நடக்கிறது. பராமரிப்பு இல்லங்களில் இருக்கும் மூதாட்டிகளில் 100-க்கு 25 முதல் 50 பேருக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமல் சிறுநீரில் கிருமி இருக்கும். கலங்கலாக இருக்கிறது, வாடை அடிக்கிறது என்று சோதித்தால் பலருக்கு 'பாசிட்டிவ்' வரும். எரிச்சல், காய்ச்சல், புதிதாக அடக்க முடியாமை எதுவும் இல்லையென்றால் மருந்து வேண்டாம். சிகிச்சை முடிந்து நலமானவருக்கும், கர்ப்பிணியாக இல்லாவிட்டால், 'சரியாகிவிட்டதா' என்று மறுபடி கல்ச்சர் எடுப்பது வீண்.

தடுப்புக்கு விற்கும் சரக்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. குருதிநெல்லி எனப்படும் கிரான்பெரி, அடிக்கடி தொற்று வரும் பெண்களுக்கு ஓரளவு குறைக்கிறது. டி-மேனோஸ் தூள் காகிதத்தில் அழகான யோசனை, கிருமியின் பிடியில் போலிச் சர்க்கரையைத் திணிப்பது. ஆனால் 2024-ல் 598 பெண்களிடம் 6 மாதம் தினமும் 2 கிராம் கொடுத்துப் பார்த்ததில் பலன் இல்லை. மெத்தினமைன் ஹிப்யூரேட் என்ற, ஆன்டிபயாடிக் அல்லாத மாத்திரை 1 கிராம் தினமும் 2 வேளை, தினசரித் தடுப்பு ஆன்டிபயாடிக்குக்கு ஏறத்தாழ ஈடாக நிற்கிறது, கிருமிக்கு எதிர்ப்புப் பழகுவதும் இல்லை. சிறுநீரின் புளிப்பைக் குறைக்கும் சிட்ரேட் சிரப்பை இதோடு சேர்த்தால் மெத்தினமைன் வேலை செய்யாது. இந்தத் தொற்றுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக்கான நைட்ரோஃபியூரன்டாயினோடு சேர்த்தால் அதன் வீரியமும் குறையும். இரண்டையும் ஒரே சீட்டில் எழுதியிருந்தால் கேட்டுவிடுங்கள்.

38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாவுக்குப் பின்னால் வலி, வாந்தி ஆகியவற்றில் எது வந்தாலும் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம்; அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். கர்ப்பிணிக்கு வெறும் எரிச்சல் வந்தாலே போக வேண்டும். தொற்றின்போது சிறுநீரில் ரத்தம் வருவது சகஜம், ஆனால் தொற்று தீர்ந்த பிறகும் ரத்தம் தெரிந்தாலோ, எரிச்சலே இல்லாமல் ரத்தம் மட்டும் வந்தாலோ, குறிப்பாக 40 வயதைத் தாண்டியவருக்கும் புகைப்பிடிப்பவருக்கும், இன்னொரு ஆன்டிபயாடிக் கோர்ஸ் போட்டுக் காத்திருக்கக் கூடாது. சிறுநீர்ப்பையில் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேனும், தேவைப்பட்டால் சிஸ்டோஸ்கோபியும் (மெல்லிய கேமராக் குழாயை உள்ளே விட்டுப் பார்ப்பது) செய்து பார்க்கச் சொல்ல வேண்டும்.